கிட் லென்ஸைத் திட்டித் தீர்த்த ஒன்றரை வருஷம்

கேமராவோடு கூடவே தருகிற 18-55 மிமீ ஜூம் லென்ஸைப் பற்றி ஒன்றரை வருஷம் நான் சொல்லாத குறை பாக்கி இல்லை. படம் மங்கல், முகம் தெளிவில்லை, பின்னணி கலையவே மாட்டேன் என்கிறது, விளக்கு வைத்தபின் எதற்கும் ஆகாது. கேட்டவர்கள் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "அது கிட் லென்ஸ்தானே, அப்படித்தான் இருக்கும், வேற வாங்கு." யாரும் படத்தைத் திறந்து ஷட்டர் ஸ்பீடு, அதாவது வெளிச்சம் உள்ளே விழ ஷட்டர் திறந்திருந்த நேரம், எவ்வளவு என்று பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அந்தக் குறையைச் சரிக்கட்ட வாங்கிய சாமான்களின் விலையைக் கூட்டினால் கேமரா விலையில் பாதி வருகிறது. அதில் இன்றும் பையில் இருப்பவை லென்ஸ் முனையில் மாட்டும் வெயில் மறைப்பான ஹூட் ஒன்று, ட்ரைபாட் ஒன்று. மற்றதெல்லாம் எங்கே போயிற்று என்பதையும் சொல்கிறேன். முதலில் அந்த ஷட்டர் ஸ்பீடு.

ஒரு பிறந்தநாள் படம். வீட்டுக்குள் ஒரே ஒரு விளக்கு, குழந்தை கன்னத்தை உப்பிக்கொண்டு மெழுகுவர்த்தியை ஊதுகிறது. அறையின் மூலையில் நின்று 55 மிமீ வரை ஜூம் செய்து எடுத்தது. கேக் மேல் எழுதிய எழுத்து நன்றாகவே வாசிக்க வருகிறது; குழந்தையின் முகம் மட்டும் ஈரத் துணியால் துடைத்த மாதிரி கிடக்கிறது. லென்ஸ் மட்டமென்றால் எழுத்தும் அல்லவா கெட்டிருக்க வேண்டும்? பல மாதம் கழித்துத்தான் படத்தின் விவரங்களைத் திறந்து பார்த்தேன்: எஃப்/5.6 (லென்ஸ் துளையின் திறப்பு; எண் சிறிதானால் திறப்பு பெரிது), 1/20 நொடி, ஐஎஸ்ஓ 400 (படம் பதியும் சென்சாரின் உணர்திறன்). ஊதுகிற குழந்தையை 1/20-இல் எந்த லென்ஸாலும் நிறுத்த முடியாது. லட்ச ரூபாய் லென்ஸை மாட்டி அதே 1/20-இல் எடுத்திருந்தாலும் அந்த முகம் அழிந்துதான் இருக்கும்.

அதே விளக்கு, அதே லென்ஸ். மூலையிலிருந்து நான்கு அடி முன்னால் வந்து 24 மிமீயில் எடுத்திருந்தால் அப்பெர்ச்சர் என்கிற அந்தத் துளை எஃப்/4 வரை திறந்திருக்கும். வெளிச்சம் இரண்டு மடங்கு. ஐஎஸ்ஓவை 400-லிருந்து 3200-க்கு ஏற்றினால் இன்னும் எட்டு மடங்கு. இரண்டையும் பெருக்கினால் பதினாறு. 1/20 நொடி 1/320 ஆகிவிடும். படத்தில் பொடிப்பொடியாக நாய்ஸ் இருக்கும், இருக்கட்டும். நாய்ஸைப் பிறகு மென்பொருளில் குறைக்கலாம். அசைவில் அழிந்த முகத்தைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லை. ஐஎஸ்ஓ ஏற்றினால் படம் கெடும் என்று யாரோ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு 400-ஐத் தாண்டாமல் இருந்ததுதான் என் ஒன்றரை வருஷத்தில் பெரும்பகுதியைத் தின்றது. இன்றைக்கு நீங்கள் செய்ய வேண்டியது, கேமரா மெனுவில் ஆட்டோ ஐஎஸ்ஓவுக்குப் போய் மேல்வரம்பை 3200 என்று வைப்பது. கீழே 'குறைந்தபட்ச ஷட்டர் ஸ்பீடு' என்று ஒன்று இருந்தால் அதை 1/125 ஆக்குவது. அந்த வசதி இல்லாத கேமராவில் ஷட்டர் முன்னுரிமை மோடில் வேகத்தை நாமே வைத்துவிடலாம். நின்று பேசுகிறவர்களுக்கு 1/125, குழந்தைகளுக்கு 1/250, ஓடுகிற எதற்கும் 1/500-க்குக் குறையாமல்.

லென்ஸின் முகப்பில் 3.5-5.6 என்று அச்சடித்திருப்பதன் பொருள் அப்போது எனக்குச் சரியாகத் தெரியாது. 18-இல் இருக்கும்போது எஃப்/3.5 வரை திறக்கும், 55-க்குப் போனால் எஃப்/5.6-க்கு மேல் திறக்காது. நடுவில் 35 மிமீ பக்கம் எஃப்/4.5. கேட்கச் சின்ன வித்தியாசமாகத்தான் இருக்கிறது. ஆனால் 3.5-க்கும் 5.6-க்கும் நடுவே வெளிச்சம் இரண்டரை மடங்கு குறைகிறது. இருட்டறையில் ஜூம் வளையத்தைத் திருப்புவது விளக்குகளில் பாதிக்கு மேல் அணைப்பதற்குச் சமம். ஆகவே வெளிச்சம் போதாத இடத்தில் ஜூம் செய்யாதீர்கள், நடந்து போங்கள். மேனுவல் மோடில் எடுப்பவர்களுக்கு இதில் இன்னொரு கண்ணி உண்டு. 18-இல் எஃப்/3.5 வைத்து வெளிச்சத்தைச் சரிபார்த்துவிட்டு அப்படியே 55-க்குத் திருப்பினால் கேமரா தானாக எஃப்/5.6-க்கு மாறிவிடும், ஷட்டர் மாறாது, அடுத்த படம் இருண்டுபோகும். கேமராவில் கோளாறு என்று நினைத்து அதையும் சர்வீஸுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன், வெட்கக்கேடு. மேனுவலில் எடுக்கும் நாளில் முதலிலேயே எஃப்/5.6 என்று வைத்துக்கொண்டால், வளையத்தை எங்கே திருப்பினாலும் அது 5.6-ஆகவே நிற்கும்.

இப்போது, மற்ற சாமான்கள் போய்ச் சேர்ந்த அலமாரியின் கதை. லென்ஸின் முன்னால் திருகி மாட்டுகிற 'வைடு' கண்ணாடி, '2 எக்ஸ் டெலி' கண்ணாடி என்று இரண்டு வாங்கினேன். இவை லென்ஸுக்கு முன்னால் கூடுதலாக ஒரு மட்டக் கண்ணாடியை நிறுத்துகின்றன, அவ்வளவுதான். நடுவில் ஏதோ தேறும். ஓரங்கள் கரைந்து, மரக்கிளைகளின் விளிம்பில் ஊதாவும் பச்சையும் கோடு கட்டும். அதைவிட, 55-இல் எடுத்த படத்தைக் கணினியில் அகலம், உயரம் இரண்டிலும் பாதியாக வெட்டினாலே 2 எக்ஸ் வந்துவிடும், தெளிவும் மேலாக இருக்கும். அடுத்தது, கண்ணாடியைக் காப்பாற்றும் என்று விற்பவர் தலையில் கட்டிய விலை குறைந்த யூவி ஃபில்டர். பகலில் தொல்லை தெரியவில்லை. இரவில் தெருவிளக்கை எடுத்தால், படத்தின் மையத்துக்கு எதிர்ப்புறத்தில் தலைகீழாக ஒரு பச்சைப் பிசாசு விளக்கு முளைத்தது. லென்ஸிலும் சென்சாரிலும் பட்டுத் திரும்பும் ஒளி, ஃபில்டரின் தட்டையான கண்ணாடியில் மோதி மறுபடி உள்ளே வருவதால் ஏற்படுவது அது. லென்ஸ்தான் காரணம் என்று அதையும் அதன் கணக்கில் எழுதினேன். இரவில் படம் எடுக்கிறீர்களா, ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். கண்ணாடியைக் காக்க ஹூட் போதும்.

ஹூட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிட் லென்ஸோடு பெரும்பாலும் ஹூட் தருவதில்லை, தனியாக வாங்க வேண்டும். விலை சொற்பம். பக்கவாட்டு வெயில் முன் கண்ணாடியில் விழுந்தால் படம் முழுக்க மெல்லிய வெண்புகை படர்ந்து கறுப்பு சாம்பலாகிவிடும். 'கிட் லென்ஸில் கான்ட்ராஸ்ட் கம்மி' என்று சொல்லும் படங்களில் பாதி இந்த ரகம்தான். வாங்குமுன் லென்ஸின் முழுப் பெயரைப் பாருங்கள். கேனனில் பழைய 18-55 வகைகளுக்கு ஈடபிள்யூ-60சி, பெயரில் எஸ்டிஎம் என்று இருக்கும் வகைக்கு ஈடபிள்யூ-63சி. ஒன்றுக்குரியது மற்றொன்றில் உட்காராது. ஹூட் இல்லாத அன்று இடது கையை வெயிலுக்கு மறைப்பாகப் பிடித்தாலும் வேலை நடக்கும், விரல் ஃப்ரேமுக்குள் வராமல் பார்த்துக்கொண்டால் சரி. கேமராவில் எழும்பும் சின்ன ஃப்ளாஷைப் போடும்போது மட்டும் ஹூட்டைக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் 18-இல் படத்தின் கீழ்ப்பக்கம் அரைவட்டமாகக் கறுப்பு நிழல் விழும்.

பின்னணி கலைவது, அதாவது ப்ளர். எல்லோரும் இதற்காகத்தான் கிட் லென்ஸைத் தூக்கிப் போடுகிறார்கள். எஃப் எண் சிறியதாக இருந்தால் ப்ளர் அதிகம் என்று படித்துவிட்டு, நானும் 18-இல் எஃப்/3.5 வைத்து ஆளைப் பக்கத்தில் நிறுத்தி எடுத்துக்கொண்டிருந்தேன். மூக்கு பெரிதாகி, காது பின்னால் ஓடி, பின்னணி அப்படியே இருந்தது. உண்மையில் பின்னணியைக் கலைப்பது எஃப் எண் அல்ல, லென்ஸுக்குள் திறந்திருக்கும் துளையின் அகலம். ஃபோக்கல் நீளத்தை, அதாவது ஜூம் வளையம் காட்டும் 18, 55 போன்ற மிமீ எண்ணை, எஃப் எண்ணால் வகுத்தால் அது கிடைக்கும். 18-ஐ 3.5-ஆல் வகுத்தால் 5 மிமீ. 55-ஐ 5.6-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 10 மிமீ. எஃப் எண் பெரிதாக இருந்தும் 55-இல் துளை இரண்டு மடங்கு அகலம். ஒப்பிட்டுப் பார்க்க, 50 மிமீ எஃப்/1.8 லென்ஸில் 28 மிமீ. ஆக, கிட் லென்ஸில் ப்ளர் வேண்டுமென்றால் வளையத்தை 55-க்குத் திருப்பி அங்கேயே விட்டுவிடுங்கள். ஆளுக்கும் உங்களுக்கும் ஒன்றரை மீட்டர், ஆளுக்கும் பின்சுவருக்கும் குறைந்தது ஐந்தாறு மீட்டர். ஒன்றரை மீட்டரில் எஃப்/5.6 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 16 சென்டிமீட்டர்தான். முகம் அடங்கும், அதற்குப் பின்னால் இருப்பது கரையத் தொடங்கும். சுவரில் சாய்ந்து நிற்கும் ஆளை எடுத்துவிட்டு 'ப்ளர் வரவில்லை' என்றால் லென்ஸ் என்ன செய்யும்? முதலில் ஆளைச் சுவரிலிருந்து பிரியுங்கள். பின்னால் வெயிலும் நிழலுமாகப் புள்ளிபோட்ட இலைக்கூட்டம் இருந்தால் அரைகுறையாகக் கலைந்து கண்ணை உறுத்தும். நிழல் கட்டிய இருண்ட பின்னணியாக இருந்தால் ப்ளர் குறைவாக இருந்தாலும் ஆள் பிரிந்து தெரிவார்.

தெளிவுக்கு வருவோம். முழுக்கத் திறந்த நிலையில் இந்த லென்ஸ்கள் நடுவில் நன்றாகவும் மூலைகளில் தளர்வாகவும் இருக்கும். ஒன்றிலிருந்து இரண்டரை ஸ்டாப் வரை மூடி (ஒரு ஸ்டாப் மூடினால் வெளிச்சம் பாதியாகும்) எஃப்/8-க்குக் கொண்டுவந்தால் மூலைகளும் எழுந்து நிற்கும். விலை உயர்ந்த லென்ஸ்களுக்கும் இதற்கும் இருக்கும் இடைவெளி பெரும்பாலும் மூடிக்கொள்ளும் இடம் இந்த எஃப்/8. 'எவ்வளவு மூடுகிறோமோ அவ்வளவு தெளிவு' என்று எஃப்/22-க்குப் போனவன் நான். மலைக்காட்சிகள் ஒரு பயணம் முழுக்க அப்படியே வீணாயின. துளை மிகச் சிறியதானால் ஒளி அதன் விளிம்பில் வளைந்து சிதறும். ஒரு புள்ளி எஃப்/22-இல் சென்சார்மேல் 30 மைக்ரான் அகல வட்டமாக விரிகிறது. 24 மெகாபிக்ஸல் ஏபிஎஸ்-சி சென்சாரில் (18-55 வரும் கேமராக்களில் பொதுவாக இருக்கும் சென்சார் அளவு இது) ஒரு பிக்ஸல் 4 மைக்ரான்தான். படம் முழுக்க ஒரே சீராக மென்மையாகிவிடும், அதனால் காரணமும் பிடிபடாது. எஃப்/11-ஐத் தாண்டாதீர்கள். நிலக்காட்சிக்கு 18 மிமீ, எஃப்/8, இரண்டரை மீட்டர் தள்ளி இருக்கும் ஏதாவதொன்றில் ஃபோகஸ். அதில் பாதித் தூரத்திலிருந்து தொடுவானம் வரை தெளிவாக வந்துவிடும்.

எஃப்/8-லும் ஒரு பக்கம் மட்டும் மங்கினால் விஷயம் வேறு. மலிவு லென்ஸ்களில் உள்ளே ஒரு கண்ணாடி நூலிழை சாய்ந்து உட்கார்ந்திருப்பது நடக்கும். செய்தித்தாளின் நான்கு பக்கங்களைச் சுவரில் தட்டையாக ஒட்டி, ட்ரைபாடில் கேமராவைச் சுவருக்கு நேர் இணையாக வைத்து, இரண்டு நொடி டைமரில் 18, 35, 55 மூன்றிலும் எஃப்/5.6, எஃப்/8 என்று ஆறு படம் எடுங்கள். நான்கு மூலைகளையும் நூறு சதவீதத்தில் பாருங்கள். நான்கும் ஒரே அளவு தளர்ந்திருந்தால் லென்ஸின் இயல்பு அது. ஒரு மூலை மட்டும் படுமோசமென்றால், கேமராவைத் தலைகீழாகக் கவிழ்த்து இன்னொரு முறை எடுங்கள். மங்கல் லென்ஸோடு சேர்ந்து சுவரின் எதிர் மூலைக்கு மாறினால் லென்ஸ்தான் பழுது. சுவரின் அதே இடத்திலேயே நின்றால் நீங்கள் கேமராவை இணையாக வைக்கவில்லை. இந்தச் சோதனையை வாங்கிய முதல் வாரமே செய்துவிட வேண்டும், மாற்றித் தரும் கெடு தாண்டுமுன்.

கை நடுக்கத்துக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. ஃபோக்கல் நீளத்தை ஏபிஎஸ்-சிக்கு ஒன்றரையால் பெருக்கி, ஒன்றை அதனால் வகுத்தால் வருவதுதான் கையில் பிடித்து எடுக்கக்கூடிய மெதுவான வேகம். 55-க்கு 1/80, 18-க்கு 1/30. ஐஎஸ், விஆர் என்று எழுதிய, நடுக்கத்தை அடக்கும் வசதியுள்ள லென்ஸில் இன்னும் மூன்று ஸ்டாப் அளவுக்கு இறங்கலாம். ஆனால் அது உங்கள் கையை மட்டும்தான் பிடிக்கும், எதிரே இருப்பவரை அல்ல. மேலே சொன்ன பிறந்தநாள் படத்தில் கேக் எழுத்து தெளிவாக நின்றது ஐஎஸ் புண்ணியத்தில். குழந்தை அழிந்தது 1/20 பாவத்தில். ட்ரைபாடில் வைக்கும்போது அந்தச் சுவிட்சை அணைத்துவிடுங்கள். பழைய வகைகள் இல்லாத நடுக்கத்தைத் தேடித் தாமே நடுங்கும்.

ஃபோகஸில் ஒரே ஒரு மாற்றம் போதும். தானியங்கி முழுப்புள்ளி மோடில் கேமரா பெரும்பாலும் மிக அருகில் இருப்பதைப் பிடிக்கும். முகத்துக்கு முன் நீட்டிய கை, பூவுக்கு முன்னால் இருக்கும் இலை. ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி, அதைக் கண்ணின்மேல் வையுங்கள். டிஎஸ்எல்ஆர் என்றால் மங்கல் வெளிச்சத்தில் நடுப்புள்ளிதான் நம்பகமானது. இன்னொன்று, மோட்டார் பழைய ரகமாக இருக்கும் கிட் லென்ஸ்களில் ஏஎஃப் (தானியங்கி ஃபோகஸ்) நிலையில் இருக்கும்போது ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருப்பக் கூடாது. எம்எஃப்-க்கு (கையால் ஃபோகஸ்) தள்ளிவிட்டுத் திருப்ப வேண்டும். உள்ளே இருப்பவை பிளாஸ்டிக் பற்சக்கரங்கள். அதே பழைய வகைகளில் ஃபோகஸ் ஓடும்போது முன் கண்ணாடியும் சேர்ந்து சுழலும். பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் மாட்டியிருந்தால் முதலில் ஃபோகஸ், பிறகு போலரைசரைத் திருப்புவது.

இத்தனை திட்டிய லென்ஸில் ஒரு திறமை ஒளிந்திருப்பது தெரியாமல் க்ளோஸ்-அப் கண்ணாடி செட் ஒன்றையும் வாங்கித் தொலைத்தேன். இன்றைய 18-55 வகைகள் பல 25 சென்டிமீட்டர் வரை நெருங்கி ஃபோகஸ் செய்யும். அந்த 25, லென்ஸ் முனையிலிருந்து அல்ல, சென்சாரிலிருந்து அளப்பது. கேமராவின் தலையில் வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட குறி இருக்குமே, அங்கிருந்து. அப்படியென்றால் பொருள் லென்ஸ் முகத்துக்கு ஒரு சாண் தூரம்கூட இருக்காது. 55-இல் அவ்வளவு நெருங்கினால் ஆறு, ஆறரை சென்டிமீட்டர் அகலமுள்ளது ஃப்ரேமை நிரப்பும். ஒரு பூ, ஒரு கைக்கடிகாரம், வெற்றிலையின் நரம்பு, எதுவும். வளையத்தை 55-இல் வைத்து, எம்எஃப்-க்குத் தள்ளி, ஃபோகஸை மிக அருகு நிலைக்குத் திருப்பி விட்டுவிடுங்கள். பிறகு நீங்கள்தான் முன்னும் பின்னும் மெல்ல ஆடி, தெளிவு வருமிடத்தில் அழுத்த வேண்டும். எஃப்/8-இல் கூடத் தெளியும் ஆழம் மூன்று மில்லிமீட்டர் சொச்சம்தான் என்பதால் ஐந்தாறு படம் தொடர்ச்சியாக எடுங்கள், ஒன்று தேறும். இவ்வளவு நெருக்கத்தில் கேமராவின் நிழலே பொருள்மேல் விழும். சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தாளை நிறுத்தினால் நிழலடித்த பாதியும் எழும்பும். இந்த வேலையில் எஃப்/1.8 லென்ஸைவிடக் கிட் லென்ஸ் கெட்டிக்காரன். சாதாரண 50 மிமீ லென்ஸ்களால் இவ்வளவு நெருங்க முடியாது.

18-இல் நேர்க்கோடுகள் வெளிப்பக்கம் புடைக்கும். கதவு பீப்பாயாகத் தெரியும். கேமரா பதப்படுத்தாத ரா கோப்பாக எடுத்து மென்பொருளில் அந்த லென்ஸுக்கான திருத்தத்தைத் தட்டினால் வளைவு, மூலை இருட்டு, ஊதா விளிம்பு மூன்றும் ஒரே சொடுக்கில் போய்விடும். ஜேபெக்கில் எடுப்பவர்கள் கேமரா மெனுவிலேயே அந்தத் திருத்தங்களை இயக்கிவைக்கலாம். ஆனால் குழுப் படத்தில் ஓரத்தில் நிற்பவர் அகலமாகிவிடுவதை எந்தத் திருத்தமும் முழுசாகச் சரிசெய்யாது. குழுவை 28, 35 பக்கம் வைத்துப் பின்னால் போய் எடுங்கள், இரண்டு பக்கமும் கொஞ்சம் காலி விட்டு.

வேறு லென்ஸ் வாங்கவே வேண்டாமா என்றால், வேண்டிய நாள் வரும். அதற்குமுன் உங்களிடம் உள்ள படங்களைக் கணினியில் ஃபோக்கல் நீள வாரியாகப் பிரித்துப் பாருங்கள். என் படங்களில் பெரும்பாலானவை இரண்டு முனைகளில்தான் குவிந்திருந்தன, 18 அல்லது 55. நடுவில் வளையம் நின்றதே இல்லை. ஒரு மாதம் வளையத்தை 35-இல் டேப் போட்டு ஒட்டி எடுத்த பிறகுதான் எனக்கு எது தேவை என்று தெரிந்தது. எல்லாம் 55-இல் குவிந்து, ஐஎஸ்ஓ எப்போதும் 3200-இல் முட்டிக்கொண்டிருந்தால் 50 மிமீ எஃப்/1.8, பத்து மடங்கு வெளிச்சம் கிடைக்கும். 35-இல் குவிந்து வீட்டுக்குள் எடுத்தவை என்றால் 35 மிமீ எஃப்/1.8. ஐஎஸ்ஓ 100, 200-இலேயே நின்று படம் இன்னும் பிடிக்கவில்லை என்றால் அடுத்த லென்ஸும் அதே படத்தைத்தான் எடுக்கும். அந்தக் காசுக்குச் சாயங்காலம் ஐந்து மணி வெயிலில் நாலு நாள் வெளியே சுற்றுங்கள். வாங்கினாலும் 18-55-ஐ விற்காதீர்கள். பழைய கிட் லென்ஸுக்குக் கடையில் தருவது ஒரு ஃபில்டர் விலை.